சித்தப்பாவின் ஸ்பெக்ட்ரம் 48கே: டிவியில் படமே வரவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா 1984இல் லண்டனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், ரப்பர் விசைகள் வைத்த 48கே, போன மாதம் சித்தி பரணை ஒழித்தபோது அட்டைப்பெட்டியோடு கிடைத்தது. நான் கம்ப்யூட்டர் என்று முதலில் தொட்டதே இதைத்தான். தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டி, கோடை விடுமுறை முழுக்க சித்தப்பா பேசிக் நிரல்மொழி சொல்லிக்கொடுத்தார். அவர் இப்போது இல்லை. அதனால் இதை எப்படியாவது உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

நிலவரம் இதுதான். பழைய அடாப்டரின் ஒயரை எலி கடித்துவிட்டது, அதைத் தொடவில்லை. கடையில் 9 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். ஆன்டெனா ஒயரை வீட்டு எல்இடி டிவியில் கொடுத்து தானாகத் தேடவிட்டேன், ஒன்றும் சிக்கவில்லை, வெறும் நீலத்திரை. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், இரண்டாம் முறை லேசாக ஒரு வாடை வந்த மாதிரி இருந்ததால் உடனே பிடுங்கிவிட்டேன். மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் சுமாராக வரும், ஆசிலாஸ்கோப் கிடையாது.

சிப்மாணிக்கம்

படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் யுஎல்ஏ போயிருக்கும். போர்டில் படத்தை உண்டாக்குகிற 40 கால் ஃபெரான்டி சிப். அதை மாற்றிப் பாருங்கள், இப்போது புதிதாகச் செய்த மாற்றுச் சிப்கள்கூடக் கிடைக்கின்றன.

வடலி_லண்டன்

தம்பி, யுஎல்ஏ கதை பிறகு. முதலில் அந்தப் புது அடாப்டரின் முனையை மீட்டரில் வைத்துப் பாருங்கோ. நடுத்துளையில் பிளஸ்ஸா மைனஸ்ஸா? சின்க்ளேரின் அடாப்டர் நடுவில் மைனஸ், வெளி வளையத்தில் பிளஸ். இப்போது கடையில் கிடைக்கிற அநேகமானவை அதற்கு நேர் எதிர். நான் இங்கே பார்த்த செத்த ஸ்பெக்ட்ரம்களில் கனக்க இப்படித்தான் செத்தவை. பதில் வரும்வரை கரண்ட் கொடுக்க வேண்டாம்.

காவிரிக்கரை

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. நடுவில் பிளஸ். 9.1 வோல்ட் காட்டுகிறது. மனசே சரியில்லை. மொத்தமாகப் போய்விட்டதா?

பழம்போர்டு

மொத்தமாகப் போகவில்லை, பயப்படாதீர்கள். நான் சென்னையில் முப்பது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். தலைகீழாகக் கரண்ட் வாங்கின ஸ்பெக்ட்ரம் நிறைய மேசைக்கு வந்து எழுந்து நடந்திருக்கிறது. ஆனால் சொல்கிற வரிசையில் மட்டும் செய்யுங்கள்.

இந்த மெஷினில் கரண்ட் எப்படிப் பிரிகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து வருவது 9 வோல்ட் மட்டும்தான். அதில் ஒரு பங்கு பெரிய அலுமினியத் தகட்டில் திருகியிருக்கிற 7805 ரெகுலேட்டருக்குப் போய் 5 வோல்ட் ஆகிறது. மெஷினின் மூளையான இசட்80, யுஎல்ஏ, நிரல் பதிந்திருக்கிற ரோம், மேல் 32கே நினைவகம் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. இன்னொரு பங்கு, ஒரு சின்னக் காயிலும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த ஆசிலேட்டருக்கு, அதாவது கரண்டை வேகமாக அலையவிடுகிற சர்க்யூட்டுக்குப் போகிறது. பிளஸ் 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் அங்கேதான் பிறக்கின்றன. இவை இரண்டும் யாருக்கு வேண்டும்? கீழ் 16கே நினைவகமாக வரிசையாக நிற்கிற எட்டு 4116 சிப்களுக்கு. திரையில் நீங்கள் பார்க்கிற படம் முழுக்க அந்தக் கீழ் 16கே உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. அது எழவில்லை என்றால் மற்ற எல்லாச் சிப்பும் நல்லதாக இருந்தாலும் உங்களுக்குப் படம் கிடையாது.

தலைகீழ் கரண்டில் முதலில் சாவது பெரும்பாலும் டிஆர்4. ஆகையால் யுஎல்ஏவைக் கழற்றாதீர்கள், புதுசு வாங்காதீர்கள். அடாப்டர் ஒயரை வெட்டி இரண்டு இழைகளையும் மாற்றிச் சேர்த்து, நடுவில் மைனஸ் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு, மேல்மூடியின் ஐந்து திருகுகளைக் கழற்றுங்கள். விசைப்பலகையின் நாடாக்களை நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும், ஆட்டி ஆட்டி எடுத்தால் உடைந்துவிடும். கறுப்பு முனையை அந்த அலுமினியத் தகட்டில் கவ்வவிடுங்கள், அதுதான் கிரவுண்ட். சிவப்பு முனையை ஏதாவது ஒரு 4116இன் காலில் வையுங்கள். 1ஆம் காலில் மைனஸ் 5, 8இல் பிளஸ் 12, 9இல் பிளஸ் 5 இருக்க வேண்டும். பத்து நொடியில் அளந்துவிட்டு பிடுங்கிவிடுங்கள், அதற்கு மேல் ஓடவிட வேண்டாம்.

காவிரிக்கரை

அளந்துவிட்டேன் ஐயா. போர்டின் பதிப்பு இஷ்யூ 3பி என்று அச்சிட்டிருக்கிறது. 7805க்கு உள்ளே 9.1, வெளியே 5.02. 4116இன் 9ஆம் காலில் 5.0, 8ஆம் காலில் 8.3, 1ஆம் காலில் 0.1.

பழம்போர்டு

நினைத்தபடியேதான். ஆசிலேட்டர் ஓடவில்லை. 8ஆம் காலில் தெரிகிற 8.3 என்பது உண்மையான 12 இல்லை, அடாப்டரின் 9 வோல்ட் காயில் வழியாகவும் டையோடு வழியாகவும் சும்மா ஒழுகி வருவது. 1ஆம் காலில் மைனஸ் 5 இல்லவே இல்லை.

இனி அதற்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். 4116க்கு ஒரு குணம் உண்டு. மைனஸ் 5 இல்லாமல் 8ஆம் காலில் வோல்டேஜ் இருந்தால் உள்ளுக்குள் வேண்டாத கரண்ட் ஓடி, சூடேறி, செத்துப்போகும். இதை வைத்துக்கொண்டு "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு சிப்பைக் கொல்லக்கூடும்.

சிப்மாணிக்கம்

யுஎல்ஏ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஒரு யோசனை: 4116 எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 4164 என்ற நினைவகச் சிப்களைப் போட்டால் என்ன? அதற்கு 5 வோல்ட் மட்டும் போதும், மைனஸ் 5 தொல்லையே இருக்காது.

பழம்போர்டு

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் 4164இன் 8ஆம் கால் 5 வோல்ட் கால், போர்டில் அந்த இடத்துக்கு வருவது 12. அப்படியே போட்டால் எட்டும் ஒரே நொடியில் போய்விடும். 12ஐ எட்டு சிப்களுக்கும் போகிற பாதையில் வெட்டி, 5ஐக் கொண்டுவர வேண்டும். அதே சமயம் 12ஐ மொத்தமாக அணைக்கவும் முடியாது, நிறத்தைச் சேர்க்கிற எல்எம்1889 சிப்புக்கு அது வேண்டும். ஆக ஆசிலேட்டரை எப்படியும் சரிசெய்தே ஆக வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டால் 4116 இருந்தாலே போதுமே. சித்தப்பா தொட்ட போர்டில் பாதையை வெட்டுவதற்கு முன்னால் நான் நூறு தடவை யோசிப்பேன்.

வடலி_லண்டன்

நானும் அதைத்தான் சொல்லுவேன். டிஆர்4 என்பது இசட்டிஎக்ஸ்650, அது கிடைக்காவிட்டால் 651 போடலாம், அதே கால் வரிசை. டிஆர்5 இசட்டிஎக்ஸ்213. ஒன்று போனால் மற்றதும் கூடவே போயிருக்கும் சந்தர்ப்பம் உண்டு, இரண்டையும் மாற்றிவிடுங்கோ. என்னட்டை 4116 ஒரு பிடி கிடக்குது. தேவைப்பட்டால் முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கோ, தபாலில் போட்டுவிடுகிறேன்.

குரோம்பேட்டை_குமார்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இந்த எல்இடி டிவி நீலத்திரை காட்டுகிறதே, அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஸ்பெக்ட்ரம் யுஎச்எஃப் 36ஆம் சேனலில் அனுப்புகிறது. பழைய டிவியில் குமிழைத் திருப்பினால் புள்ளியும் கோடுமாக ஏதாவது தெரியும், சிக்னல் இருக்கிறது என்றாவது கண்டுபிடிக்கலாம். இன்றைய டிவி சிக்னல் கொஞ்சம் சரியில்லை என்றாலே படத்தை மறைத்து நீலம் போட்டுவிடும். உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

அதனால் முதல் காரியமாக கம்போசிட் வீடியோவை, அதாவது சேனலில் ஏற்றாத நேரடிப் பட சிக்னலை, வெளியே எடுங்கள். மேலே வெள்ளித் தகரப் பெட்டி இருக்கிறதே, அதுதான் படத்தைச் சேனலில் ஏற்றுகிற மாடுலேட்டர். உள்ளே போகிற இரண்டு ஒயர்களில் ஒன்று 5 வோல்ட், இன்னொன்று கம்போசிட் வீடியோ. மூடியைத் திறந்து, வெளியே போகிற சாக்கெட்டின் நடு முனையை உள்சர்க்யூட்டிலிருந்து விடுவித்து, வீடியோ ஒயரை ஒரு 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வழியாக அந்த முனையில் சேர்த்தால் போதும். பிறகு டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டில் நேராகக் குத்தலாம். எதையும் வெட்டாமல் சால்டரை மட்டும் உருக்கிப் பிரித்தால் என்றைக்கு வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம். நம்ம ஊரில் டெசிபெல்ஸ் கம்பெனி உரிமம் வாங்கி விற்ற டிபி ஸ்பெக்ட்ரம்+ ஒன்று என்னிடம் இருக்கிறது, அதிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி நிற்கிறது.

காவிரிக்கரை

பன்னிரண்டு நாளாகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும், பாகங்கள் வர நேரமாகிவிட்டது.

டிஆர்4ஐ எடுத்து மீட்டரில் டையோடு முறையில் பார்த்தேன். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுமில்லை, திறந்து கிடக்கிறது. டிஆர்5 நல்லதாகத்தான் காட்டியது, ஆனாலும் இரண்டையும் மாற்றிவிட்டேன். தலைகீழ் கரண்ட் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் கெடுத்திருக்கும் என்று நினைத்து அவற்றையும் மாற்றினேன். இரண்டு பக்கமும் கால் நீட்டிப் படுத்திருக்கிற பழைய வகை ரிச்சி தெருவில் தேடியும் கிடைக்கவில்லை. நிற்கிற வகையை வாங்கி, நீள் காலுக்கு ஸ்லீவ் மாட்டி மடக்கிப் படுக்கவைத்துவிட்டேன். கம்போசிட்டும் குமார் சொன்னபடி எடுத்தாயிற்று.

போடுவதற்கு முன்னால் 1ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும், 8ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அப்புறம் போட்டேன். 8ஆம் காலில் 11.9. 1ஆம் காலில் மைனஸ் 5.1. கை நடுங்கியது.

டிவியில் படம் வந்தது. ஆனால் சரியான படம் இல்லை. சுற்றிலும் வெள்ளைக் கரை சுத்தமாக நிற்கிறது. நடுவே கறுப்பும் வெள்ளையுமாகச் செங்குத்துக் கோடுகள், அங்கங்கே பச்சையும் நீலமுமாகச் சில கட்டங்கள். அசையவே இல்லை.

பழம்போர்டு

அருமை. இது எவ்வளவு நல்ல செய்தி தெரியுமா? கரை நேராக நிற்கிறது, டிவி அதைப் பிடித்துக்கொண்டது என்றால் யுஎல்ஏ வேலை செய்கிறது, 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஓடுகிறது. நிறம் தெரிகிறது என்றால் 12 வோல்ட் எல்எம்1889க்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கரை வெள்ளையாக இருப்பது இன்னொரு தடயம். ரோமில் இருக்கிற நிரல் தொடங்கின உடனே செய்கிற வேலைகளில் கரையை வெள்ளையாக்குவது ஒன்று. அது நடந்திருக்கிறது என்றால் இசட்80 ரோமைப் படித்து கொஞ்ச தூரமாவது நடந்திருக்கிறது.

நல்ல மெஷினில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். போட்டவுடன் நினைவகத்தில் எல்லா இடத்திலும் 2 என்ற எண்ணை எழுதிச் சோதிக்கும். அந்த ஒன்றரை நொடி, கறுப்புத் திரையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் நெருக்கமாகத் தெரிந்து மறையும். பிறகு எல்லாம் வெள்ளையாகி அடியில் © 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்ற வரி வரும். உங்களுடையது எழுதப் பார்க்கிறது, எழுதினது நிற்கவில்லை. நினைவகம்தான். ஒரு நிமிஷம் ஓடவிட்டு எட்டு 4116இன் முதுகிலும் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எது மட்டும் தனியாகச் சுடுகிறது என்று சொல்லுங்கள்.

காவிரிக்கரை

போர்டில் ஐசி8 என்று குறித்திருக்கிற சிப் மட்டும் சுடுகிறது. விரலை மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. மற்ற ஏழும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

பழம்போர்டு

ஐசி6 முதல் ஐசி13 வரை ஒவ்வொன்றும் ஒரு பிட். 6 என்பது பிட் 0, 13 என்பது பிட் 7. ஆக ஐசி8 பிட் 2. சுடுகிறது என்றால் போயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சுடாமலே செத்ததும் இருக்கும். என்னிடம் பின்பக்க எட்ஜ் கனெக்டரில் மாட்டுகிற சோதனைக் கார்டு இருக்கிறது. மெஷினின் ரோமை ஒதுக்கிவிட்டு தன் ரோமை ஓட்டும். நினைவகமே இல்லாவிட்டாலும் ஓடும், எந்த பிட் கெட்டது என்று திரையின் கரையிலேயே காட்டும். நாளைக்கே கூரியரில் அனுப்புகிறேன், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பினால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. கரண்ட் இருக்கும்போது அந்தக் கனெக்டரில் எதையும் மாட்டவோ கழற்றவோ கூடாது. ஸ்பெக்ட்ரமில் சுவிட்ச் கிடையாது, அதனால் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு மாட்டுங்கள். 12, 9, 5, மைனஸ் 5 எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இடம் அது. கார்டு ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் டிஆர்4 மறுபடி போய்விடும், கூடவே இன்னும் சில சிப்களும்.

காவிரிக்கரை

கார்டு வந்தது, ரொம்ப நன்றி ஐயா. பிட் 2, பிட் 5 இரண்டும் கெட்டது என்று காட்டுகிறது. ஐசி8, ஐசி11. மேல் நினைவகத்துக்கு அது இன்னும் போகவில்லை. ஐசி11 கொஞ்சம்கூடச் சுடவில்லை, நீங்கள் சொன்னது சரி.

இதை எப்படிக் கழற்றுவது? உறிஞ்சியும் செம்புத் திரியும் இருக்கிறது. முதல் காலில் முயன்றேன், மேல்பக்கத்துச் சால்டர் வரவே இல்லை.

வடலி_லண்டன்

நிற்பாட்டுங்கோ. முழுதாகக் கழற்ற வேண்டாம். சிப் செத்துவிட்டது, போர்டைத்தான் காப்பாற்ற வேண்டும். கூரான கட்டரால் பதினாறு கால்களையும் உடம்போடு ஒட்டி வெட்டுங்கோ. உடம்பு தனியாக வந்துவிடும். பிறகு நிற்கிற ஒவ்வொரு காலையும் சாமணத்தால் பிடித்து, அடியில் இரும்பை வைத்து, சால்டர் இளகியதும் மேலே எடுங்கோ. இழுக்கக் கூடாது, தானாக வர வேண்டும். வராவிட்டால் புதுச் சால்டர் கொஞ்சம் சேர்த்து மறுபடி இளக்குங்கோ, பழசு புதுசோடு சேர்ந்து சுலபமாக உருகும். துளை அடைத்துக்கொண்டால் மட்டும் உறிஞ்சி. இந்தப் போர்டின் செம்புப் பாதைகள் மெல்லியவை, ஒரே இடத்தில் நாலு நொடிக்கு மேல் சூட்டை வைத்திருந்தால் வட்டத்தோடு பெயர்ந்து வந்துவிடும்.

வெறும் துளையில் சிப்பை நேராகச் சால்டர் செய்யாமல் 16 கால் சாக்கெட் போடுங்கோ. என்னுடைய 4116 உறை போன கிழமையே தபாலில் போட்டாயிற்று, நாலு வைத்திருக்கிறேன்.

காவிரிக்கரை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு முடித்தேன். ஐசி11இல் ஒரே ஒரு வட்டம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அந்தக் காலிலிருந்து அடுத்த சிப்பின் அதே காலுக்குத் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், பீப் சத்தம் வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். சாக்கெட்டில் லண்டன் சிப்கள் இரண்டையும் வைத்து, பள்ளம் எந்தப் பக்கம் என்று மூன்று தடவை சரிபார்த்து, சிப் இல்லாமல் ஒரு தடவை, சிப்போடு ஒரு தடவை வோல்டேஜ் அளந்து, பிறகு டிவியைப் போட்டேன்.

கறுப்பு. மெல்லிய சிவப்புக் கோடுகள். அப்புறம் வெள்ளை. அடியில் © 1982.

சித்தி தூங்கிவிட்டார். எழுப்பிக் காட்டினேன். "இதே எழுத்துதான், இதே எழுத்துதான்" என்று இரண்டு தடவை சொன்னார். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

குரோம்பேட்டை_குமார்

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது! விசைகள் வேலை செய்கின்றனவா?

காவிரிக்கரை

பாதி செய்யவில்லை. இடப்பக்கத்து நாடாவை வெளிச்சத்தில் பிடித்தால் வளைகிற இடத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு தெரிகிறது.

வடலி_லண்டன்

அது எல்லா ஸ்பெக்ட்ரமிலும் வருவதுதான், நாற்பது வருஷத்து பிளாஸ்டிக். ஒட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், இப்போதும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். மேல் தகட்டை எடுக்கும்போது மட்டும் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, மெல்ல மெல்ல எடுங்கோ. அவசரப்பட்டால் தகடு மடிந்துவிடும், மடிந்தது பிறகு நிமிராது.

பழம்போர்டு

புது மெம்பிரேன், அதாவது விசைகளுக்கு அடியில் இருக்கிற அந்த நாடா வைத்த தாள், போட்டதும் இதைத் தட்டிப் பாருங்கள்: பிரிண்ட் பீக் 23732+256*பீக் 23733. பீக்குக்கு இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ. விடை 65535 வந்தால் 48கேவும் நல்லது. 32767 வந்தால் மேல் 32கே எழவில்லை, மெஷின் 16கேவாக மட்டும் ஓடுகிறது. அது தனி வேலை, ஆனால் அந்தச் சிப்களுக்கு 5 வோல்ட் மட்டும்தான் என்பதால் உங்கள் விபத்தில் தப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

காவிரிக்கரை

மெம்பிரேன் வந்து மாட்டியாயிற்று. 65535!

பெட்டிக்குள் சித்தப்பாவின் கேசட்டுகள் ஏழு இருக்கின்றன, ஒன்றில் அவர் கையெழுத்தில் "வட்டிக் கணக்கு, 85" என்று இருக்கிறது. இரண்டு முறை ஏற்றிப் பார்த்தேன். கரையில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடுகிறது, அப்புறம் நீலமும் மஞ்சளும், நடுவிலேயே ஆர் டேப் லோடிங் எர்ரர் என்று நின்றுவிடுகிறது. பழைய டேப் ரெக்கார்டர், சத்தத்தைப் பாதியில் வைத்திருக்கிறேன்.

பழம்போர்டு

நீலம் மஞ்சள் வரைக்கும் போகிறது என்றால் கேசட்டில் ஆள் இருக்கிறது. மேலும் ஓட்டுவதற்கு முன்னால் ஹெட்டை ஐசோப்ரோபைல் தொட்ட பஞ்சால் துடையுங்கள், ரப்பர் உருளையையும். பிறகு சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றி, ட்ரெபிள் இருந்தால் முழுசாக வைத்துப் போடுங்கள். அப்போதும் நின்றால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகை, கேசட் ஓடும்போதே கால் சுற்று இப்படி அப்படித் திருப்பி, சத்தம் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே விடுங்கள். முதலில் வேறு கேசட்டில் பழகிக்கொள்ளுங்கள், அந்த 85ஐக் கடைசியாக எடுங்கள்.